படிக்காமல் விட்ட ஏழாவது வரி

வளர்மதி ஜெயித்தவற்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1982 ஐப்பசியில், எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். பிரசவம் பார்த்தவள் "விடியிற வரைக்கும் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாங்கினாள். எட்டு வயதில் முந்திரித்தோப்பில் கண்ணாடிவிரியன் கடித்து, குறிஞ்சிப்பாடி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து, இடது காலின் சுண்டுவிரலை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். பத்தொன்பது வயதில் காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவள், இருபது வருடம் உடைத்துப் பழகிய பெண்களை முந்தி ஒரு எவர்சில்வர் குடத்தைப் பரிசாக வாங்கினாள். கட்டின புருஷன் வேலுமணி திருப்பூருக்குப் போகிறேன் என்று போய்த் திரும்பி வராதபோது, தாலுகா ஆபீசுக்குப் பதினேழு தடவை நடந்து தன் பெயரிலேயே ரேஷன் கார்டு எடுத்தாள். பண்ருட்டியில் பலாப்பழத்தைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்லும் போட்டி வைத்தார்கள். இருநூறு கிராம்கூடப் பிசகாமல் சொல்லி, மண்டி வியாபாரிகளை வாயடைக்க வைத்தாள். கடைசியாக, நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்திலுள்ள ஓடுபாதையில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்று வந்து, துப்புரவுக்குக் கான்ட்ராக்டில் ஆறு பெண்கள் வேண்டும் என்றபோது, வரிசையில் நின்ற அறுபத்துநாலு பேரிலிருந்து அந்த ஆறில் ஒருத்தியாகத் தேர்வானாள்.

இத்தனையும் வாய்த்தவளுக்கு எழுத்து மட்டும் வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயதில் வீட்டில் கைக்குழந்தையாக ஒரு தம்பி இருந்தான். அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போய்விட்டால் அவனை இடுப்பில் தூக்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வளர்மதி. பிறகு பாம்பு கடித்தது. கால் தேற இரண்டு வருடம் ஆனது. அதோடு பள்ளிக்கூடப் பேச்சே போயிற்று.

படித்தது அக்கா மாணிக்கம்மாள். ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்பில் வகுப்பிலேயே இரண்டாவதாகத் தேறி, ஒன்பதாம் வகுப்புக்கென்று புதுப் பாவாடை தைத்து வைத்திருந்த ஜூன் மாதத்தில்தான் தங்கையைப் பாம்பு கடித்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டையும் ஆட்டையும் தம்பியையும் பார்க்க மாணிக்கம்மாள் நின்றாள். பதினோரு நாள் என்று நின்றது அந்த வருடம் முழுக்க நீண்டது. வளர்மதி பிழைத்து வந்ததற்கு முத்தாண்டிக்குப்பத்தில் தெருவே கூடிப் பொங்கல் வைத்தது. மாணிக்கம்மாளும் மனசாரக் கும்பிட்டாள். கும்பிட்ட கையோடு புதுப் பாவாடையை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

அதிலிருந்து அவளுக்கு ஒரு சுபாவம் வந்துவிட்டது. தங்கையைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போவாள். யாராவது ஒரு சொல் கூட்டிப் பேசினால் அன்றைக்குச் சோறு இறங்காது. இரண்டும் உண்மை. இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தன.

வளர்மதியிடம் இல்லாத ஒன்று மாணிக்கம்மாளிடம் இருந்ததென்றால் அது எழுத்துதான். ரேஷன் கடைப் பலகையோ, மாத்திரை அட்டையோ, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் தாளோ, எதுவானாலும் பக்கத்து வீட்டிலிருந்து தங்கை அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னா போட்டுக்கீதுன்னு பாருக்கா" என்று நிற்பாள். அந்த நிற்பு மாணிக்கம்மாளுக்குப் பிடித்திருந்தது. கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டி, அவசரப்படாமல் படிப்பாள்.

ஓடுபாதைக்கு எடுத்த ஆறு பேரில் மாணிக்கம்மாளும் ஒருத்தி. அங்கேயும் அந்த எட்டாம் வகுப்புதான் அவளை மேஸ்திரியாக்கியது. காலை ஆறு மணிக்கு ஆறு பேரும் ஒரு வரிசையாக நின்று, ஓடுபாதை நெடுகக் குனிந்துகொண்டே நடந்து, கல், ஆணி, பாட்டில் மூடி எல்லாம் பொறுக்க வேண்டும். நாய் வந்தால் விரட்ட வேண்டும். ஓரத்துப் புல்லை அறுக்க வேண்டும். மாணிக்கம்மாள் ரிஜிஸ்டர் வைத்திருந்தாள். வந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். வளர்மதியின் இடத்தில் மட்டும் மாணிக்கம்மாளே "வளர்மதி" என்று எழுதிவிடுவாள். மூன்று வருடமாக அப்படித்தான். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை.

தகராறு ஆரம்பித்தது விமானத்தைக் கழுவும் வேலையில். பள்ளியில் இருந்தது இரண்டு சிறிய விமானங்கள். நாலு பேர் உட்காரலாம், மூக்கில் ஒரு புரொபெல்லர். அவற்றைப் பராமரிக்கும் என்ஜினியர் பிரபாவதி. அவளுடைய அப்பா கரூர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் பதினேழாவது பிளாக் குவார்ட்டர்ஸில். "முன் கண்ணாடியை மேலிருந்து கீழே துடைக்கணும், வட்டமா துடைச்சா கீறல் விழும்" என்று ஆறு பேரிடமும் ஒரே தடவை சொன்னாள். மறுநாள் ஐந்து பேர் வட்டமாகத் துடைத்தார்கள். அந்த ஐந்து பேரில் மாணிக்கம்மாளும் ஒருத்தி. கழுவும் வேலை வளர்மதிக்குப் போயிற்று. கூடவே, முதுகில் ஆங்கில எழுத்து போட்ட மஞ்சள் ஜாக்கெட் ஒன்றும் வந்தது. முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று தங்கை கேட்டபோது மாணிக்கம்மாள், "குப்ப கொட்டுற எடம்னு போட்டுக்கீது" என்றாள். வளர்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மாணிக்கம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

கழுவுவதற்குச் செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது எல்லாம் பிரபாவதி தமிழில் ஒரு தாளில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கழுவும் முன் மேஸ்திரி அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மாணிக்கம்மாள் படிப்பாள். வளர்மதி பக்கெட்டோடு நின்று கேட்பாள். கையெழுத்தையும் மாணிக்கம்மாளே போடுவாள்.

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. பள்ளியின் மேனேஜர் ராஜ்மோகன் காலையிலேயே சொல்லிவிட்டார்: "மூணே மூணு இடத்துல பொட்டு. மூக்கு, முன் சக்கரம், கதவு. அதோட நிறுத்திக்கணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் வீட்டில் மிக்சி முதல் அரிவாள்மனை வரைக்கும், சைக்கிள் மணி முதல் மோட்டார் கொட்டகைக் கதவு வரைக்கும் பொட்டு வைத்தே பழகிய கைகள் அவை. தட்டு கைக்கு வந்த பிறகு மூன்று என்று யார் எண்ணிக்கொண்டிருப்பது? இடது இறக்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பென்சில் முனை போகிற அளவுக்கு ஒரு துளை. விமானம் நிற்கும்போதெல்லாம் அதற்குச் சிவப்பு உறை மாட்டியிருக்கும். அந்த உறையை அன்று பூஜைக்காகக் கழற்றியிருந்தார்கள். "இதப் பாருடி, மூக்குத்தி போடறதுக்குக் குத்தி வெச்சாமாரி கீது" என்று யாரோ சொல்ல, யாரோ அந்த நுனியிலும் ஒரு உருண்டை சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தார்கள். யார் கை என்று பிறகு ஆறு பேராலும் சொல்ல முடியவில்லை.

பூஜை முடிந்ததும் பிரபாவதி போனை எடுத்தாள். "வளர்மதிக்கா, நீங்க இப்படி புரொபெல்லர் பக்கத்துல வந்து நில்லுங்க. உங்க கைபட்ட பிளேன் ஆச்சே." மாணிக்கம்மாளும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"மேஸ்திரிக்கா, நீங்க இந்தப் பையெல்லாம் கொஞ்சம் பிடிச்சுக்குங்களேன்."

ஏழு கைப்பை, ஒரு குடை. அவற்றைத் தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டு, தங்கை போட்டோவுக்குச் சிரிப்பதை மாணிக்கம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் முத்தாண்டிக்குப்பம் முழுக்கப் போய்விட்டது. பஸ்ஸை விட்டு இறங்கினதும் டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "யக்கோவ், உன் தங்கச்சி பிளேன் ஓட்டுதாமே?"

"ஆமா. மேல ஏறி நெல்லு காயப் போட்டுக்கினு இருக்கா. போடா வேலையப் பாத்துக்கினு."

மறுநாள் சனிக்கிழமை, பூஜைக் கறை போக விமானங்களைக் கழுவ வேண்டும். பிரபாவதி புதுத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். "அக்கா, போன மாசம் இறக்கைக் குழாய்ல குளவி கூடு கட்டிச்சு இல்ல, அதனால ஏழாவதும் எட்டாவதும் புதுசா சேர்த்திருக்கேன். மறக்காம படிச்சுக் காட்டிடுங்க." சொல்லிவிட்டு அவள் ஷெட்டுக்குள் போய்விட்டாள்.

வளர்மதி மஞ்சள் ஜாக்கெட்டில் பக்கெட்டோடு வந்து நின்றாள். மாணிக்கம்மாள் கண்ணாடியை மாட்டிப் படித்தாள். ஒன்று, கதவு மூடியிருக்கிறதா பார்க்கவும். இரண்டு, பிரஷ் கூடாது. மூன்று, நான்கு. ஆறாவதை முடித்து மூச்சு வாங்கினாள்.

"யக்கா, போட்டோல என் ஜாக்கெட்டு சூப்பரா எடுப்பா கீதில்ல?" என்றாள் வளர்மதி. கபடமில்லாமல்தான் கேட்டாள்.

மாணிக்கம்மாளின் கண் ஏழாவது வரியின் மேல்தான் இருந்தது. 'இடது இறக்கையின் கீழுள்ள குழாயின் துளையில் துணியோ குச்சியோ விடக்கூடாது. உள்ளே ஏதாவது தெரிந்தால் என்ஜினியரிடம் சொல்லவும்.' அதன் கீழே எட்டாவது, 'உறையை மாட்டியே கழுவவும்.' அவள் இரண்டையும் படித்தாள். வாயைத் திறந்து படிக்கவில்லை.

"அவ்ளோதான் போடி. மீதியெல்லாம் பழசு. உனக்குத் தெரியாததா, நீதான் பெரிய ஆளாச்சே." தாளை மடியில் வைத்து, கீழே "வளர்மதி" என்று எழுதினாள்.

வளர்மதி வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. துளையின் வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருப்பதைப் பார்த்தாள். மஞ்சள் துணியின் நுனியை விளக்குத் திரி மாதிரி முறுக்கி, உள்ளே விட்டு, திருகி எடுத்தாள். சந்தனமும் மஞ்சள், துணியும் மஞ்சள்; ஒட்டியது தெரியாததால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தாள். குங்குமக் கறை பட்ட சிவப்பு உறையையும் துவைத்துக் காயப்போட்டாள். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் கண்ணாடி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு அந்த விமானம் கிளம்பியது. பயிற்சி பெறும் பெண் இசைப்பிரியா ஓட்ட, பக்கத்தில் ஆசிரியர் ஹரி. ஓடுபாதையின் மேற்குப் பாதியில் பள்ளம் அடைக்கிற வேலை நடந்ததால் பாதியிலிருந்து கிளம்பினார்கள். புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் வழக்கம் போல நிமிர்ந்து பார்த்தார்கள். ஓடியது, எழும்பியது. ஒரு பனைமரத்தில் பாதி உயரம்கூட இருக்காது, அதற்குள் சத்தம் மாறியது. மேலே போக வேண்டியது திடுமெனக் கீழே வந்தது. சக்கரம் தரையில் அடித்துக் குதித்தது. ஓடுபாதை தீர்ந்துபோய், வேலியைப் பிய்த்துக்கொண்டு, முந்திரிப் புதருக்குள் மூக்கு குத்தி நின்றது.

எல்லாரும் ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது வளர்மதி. ஒரு விரல் இல்லாத காலோடு அவள் எப்படித்தான் அப்படி ஓடினாளோ! பெட்ரோல் வாடை அடிக்க அடிக்கக் கதவைத் திறந்து இசைப்பிரியாவைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தாள். மஞ்சள் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தப் பெண்ணின் நெற்றியில் கட்டினாள். ஹரிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தீப்பிடிக்கவில்லை, உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலியோடு மாணிக்கம்மாள் கடைசியாக வந்து சேர்ந்தபோது, தீயணைப்பு வண்டிக்காரர் தங்கையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பிழைத்தார்களே என்று மாணிக்கம்மாள் கைகூப்பினாள். கூப்பிய கைக்குள்ளேயே, இதிலும் இவள்தானா என்று ஒரு முள் இருந்தது.

மூன்று நாள் டவுன்ஷிப்பே வளர்மதியைப் பேசியது. வியாழக்கிழமை சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி குஞ்சிதபாதம் ஓர் உதவியாளரோடு வந்தார். ஓய்வுபெறப் போகிற வயது. எழுதும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்கிற பழக்கம். ஓடுபாதையில் சக்கரத் தடத்தை டேப் வைத்து அளந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய் ஹரியையும் இசைப்பிரியாவையும் கேட்டார். இசைப்பிரியா சொன்னது ஒன்றுதான்: "பிளேன் ஓடுது, மேலயும் வந்துடுச்சு, ஆனா ஸ்பீடு காட்டுற முள்ளு மட்டும் பூஜ்ஜியத்துலயே இருந்தது சார்." தரையில் ஓடும்போதே அதை இரண்டு பேரும் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. எழும்பிய பிறகு பார்த்துப் பயந்து ஹரி கீழே இறக்கிவிட்டார். பாதி ஓடுபாதை போதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குழாயைக் கழற்றி எடுத்தார்கள். எதிரே வரும் காற்று அந்தத் துளைக்குள் போய்த்தான் வேகம் காட்டும் முள்ளை நகர்த்துகிறதாம். உள்ளே காற்று போக வழியில்லை. இறுகிய சந்தனம், அதில் சிக்கிய மஞ்சள் நூல்.

அந்த நிமிடத்தோடு வளர்மதியின் பெருமை கவிழ்ந்தது. ராஜ்மோகன் கையோடு அந்தத் தாளைக் கொண்டுவந்து போட்டார். "கழுவுறது இவங்க ஒருத்தர்தான் சார். விடக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்து, படிச்சுக் காட்டி, கையெழுத்தும் வாங்கியிருக்கோம்." வளர்மதியைப் பார்த்து, "கேட் பாஸைக் கொடுத்துடுங்கம்மா. இனிமே இந்தப் பக்கம் வர முடியாது. மேல கேஸ் வந்தா நாங்க பொறுப்பில்ல" என்றார்.

மாணிக்கம்மாளுக்கு முதலில் தோன்றியதை மறைப்பதில் பயனில்லை. இனிப்பாக இருந்தது. நாக்கில் ஒரு கல் சர்க்கரை கரைகிற நேரம். அடுத்த நொடி அவள் மேசையின் மேல் இருந்த தாளைப் பார்த்தாள். வளர்மதி என்று எழுதியிருந்தது அவளுடைய கை. அந்த ர்-இன் புள்ளியைப் பெரிதாக வைப்பது அவள் பழக்கம்.

மதியம் பள்ளியின் வகுப்பறையில் வாக்குமூலம். படித்துக் காட்ட ஆள் வேண்டும் என்று அக்காவையும் உள்ளே விட்டார்கள்.

"துளைக்குள்ள துணி விட்டீங்களாம்மா?" என்றார் குஞ்சிதபாதம்.

"வுட்டேங்க. சந்தனம் அடச்சிக்கினு இருந்திச்சி. திரி மாரி முறுக்கி வுட்டு சுத்தினேன். வேணும்னு பண்ணலீங்க."

"விடக்கூடாதுன்னு இதுல ஏழாவது வரி. படிச்சுக் காட்டினாங்களா?"

வளர்மதி ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். தாளில் இருப்பது அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் படிக்க அவளுக்கு எழுத்து வேண்டியதில்லை.

"காட்டினாங்க."

"ஏழாவதுமா?"

"எல்லா வரியும் படிச்சாங்க. நாந்தான் மறந்துட்டேன்."

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

உதவியாளர் எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும். தங்கையின் பாஸ் போகும், தன் மேஸ்திரி வேலை நிலைக்கும், மஞ்சள் ஜாக்கெட் வேறு யாருக்காவது போகும். இருபத்துநாலு மணி நேரம் முன்னால் யாராவது கேட்டிருந்தால் மாணிக்கம்மாள் வேண்டாம் என்றிருக்க மாட்டாள். ஆனால் தங்கை பொய் சொல்லிவிட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த உட்காருதல் இருக்கிறதே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பரிசு வாங்கினவள், போட்டோவில் நின்றவள், ஓடிப்போய் இழுத்தவள், இப்போது அக்காவைக் காப்பாற்றினவளும் அவளே. விட்டுக்கொடுப்பதிலும் முந்திக்கொண்டாள். நாளைக்கு இது தெரியவரும்போது தெரு என்ன சொல்லும் என்பது மாணிக்கம்மாளின் காதில் இப்போதே கேட்டது. வாழ்நாள் முழுக்க அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, தங்கை கொடுத்த வேலையில் தான் நிற்க வேண்டும்.

எழுந்து நின்றாள். "சார், அது அவ கையெழுத்தே இல்ல. அவளுக்குக் கையெழுத்துன்னு ஒண்ணு கெடையாது. எழுதினது நானு. ஏழாவது வரிய நான் படிக்கல. எட்டாவதும் படிக்கல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல."

"பின்னே?"

"புடிக்கல."

குஞ்சிதபாதம் பேனாவை நிறுத்தினார். "எது பிடிக்கல?"

"போட்டோ."

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் தாளைப் பார்த்தார். அதை என்ன தலைப்பில் எழுதுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வளர்மதிக்குத்தான் கோபம் வந்தது. "இன்னாக்கா நீ! ஒருத்தி பாஸ் போனா போதும்னுதான நான் சொல்லிக்கினு இருக்கேன், நீ எதுக்கு நடுவுல வாயத் தொறந்த? ரெண்டு வூடும் இப்ப இன்னா பண்றது?"

"எல்லாத்தையும் நீயே எடுத்துக்குவியா? தப்பையுமாடி?"

"தப்புல இன்னா பங்கு கேக்கற? இன்னா பலாச்சொளையா?"

"என்னுது எனக்கு வேணும்."

"கொஞ்சம் ரெண்டு பேரும் உட்காருங்கம்மா" என்றார் குஞ்சிதபாதம். அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்து போனதை மாணிக்கம்மாள் பார்த்தாள். முதலிலிருந்து திரும்பக் கேட்டார். போட்டோ, பை, புதுத் தாள், ரிஜிஸ்டரில் மூன்று வருடக் கையெழுத்து. மாணிக்கம்மாள் தேதி, நேரம் ஒன்றும் விடாமல் சொன்னாள். பொய் சொல்லியிருந்த முதல் தாளைக் கிழித்து, வளர்மதிக்குப் புதிதாக எழுதினார்கள். மாணிக்கம்மாள் தன் வாக்குமூலத்தின் கீழே தன் பெயரைக் கையெழுத்தாக இட்டாள். வளர்மதியின் முறை வந்தது.

மைப்பெட்டியில் விரலை ஒற்றித் தாளில் வைத்தாள். எடுத்துப் பார்த்தால் வெறும் நீலத் திட்டு. ரேகை என்று ஒரு கோடுகூட இல்லை. இன்னொரு தடவை, இடது கை, மற்ற விரல்கள், எல்லாம் அதே திட்டுதான். வருடக்கணக்காக முந்திரிக்கொட்டைப் பால் பட்டு அரித்துப்போன விரல்கள்.

"இது யார் விரல்னு நாளைக்கு ஒரு வக்கீல் கேட்டா நான் என்ன சொல்வேன்?" என்றார் குஞ்சிதபாதம். "கையெழுத்து வேணுமே."

"குடுங்க சார், நான் எழுதிக் குடுத்துர்றேன்" என்றாள் மாணிக்கம்மாள், பழக்க தோஷத்தில்.

"அப்படி எழுதினதாலதான்மா நான் சென்னையிலேர்ந்து வந்திருக்கேன்."

உதவியாளர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வளர்மதியும் சிரித்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில வரைக்கும் டைம் குடுங்க சார். நானே போடறேன்" என்றாள்.

கார் கிளம்பியதும் மாணிக்கம்மாள் தன் பையிலிருந்து காகிதம் எடுத்தாள். "வாடி, எழுதிக் காட்டறேன், பாத்துப் போடு."

"உன் எழுத்து வாணாம்க்கா. பாத்துப் போட்டா உன்னுது மாரியே வந்துரும். அப்பறம் அதுக்கு ஒரு விசாரண வைப்பாங்க."

கேட் பாஸில் அச்சில் இருந்த தன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டாள். ராஜ்மோகன் அதை இன்னும் வாங்கியிருக்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால் விமானம் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், வகுப்பறையிலிருந்து வாங்கி வந்த சாக்குக்கட்டியால் எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முறத்தின் அகலம். வ வந்துவிட்டது. ள தலைகீழாகச் சுழித்துக்கொண்டது. நிழலில் உட்கார்ந்திருந்த மாணிக்கம்மாளுக்குக் கை பரபரத்தது, வாய் பரபரத்தது. "சொல்லாத, நீ சொல்லாத" என்று தங்கை திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள். ஈரத் துணியால் துடைப்பாள், மறுபடி எழுதுவாள். சுரங்கத்து ஷிப்ட் சங்கு ஊதியபோது ஐந்து எழுத்தும் வரிசையாக நின்றன. ஒன்றாம் வகுப்பில் தன் பெயரை எழுத மாணிக்கம்மாளுக்கு ஒரு மாதம் பிடித்தது. இவளுக்கு ஒரு மத்தியானம். தன்னிடம் மட்டும் இருந்தது என்று அவள் வைத்திருந்த ஒன்றும் அன்றைக்குப் பங்காகிவிட்டது. வயிறு எரியத்தான் எரிந்தது. ஆனாலும் சங்கு அடங்கினதும், பக்கத்தில் நின்ற பெண்களிடம், "என் தங்கச்சி. பாத்துக்கோங்க" என்றாள்.

அறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தது. வேகமுள் நகரவில்லை என்பதைத் தரையிலேயே பார்க்காதது, கிளம்பும் முன் துளைக்குள் பார்க்காதது, உறையில்லாமல் கழுவியது, அறிவுரைத் தாளை முழுக்கப் படித்துக் காட்டாதது என்று நாலு காரணங்கள். வாயால் படித்துக் காட்டினால் போதாது, படம் போட்டும் செய்து காட்டியும் சொல்லித்தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. மாணிக்கம்மாளின் பாஸ் போயிற்று. இப்போது அவள் டவுன்ஷிப்பில் பதினோராவது பிளாக்கில் தெருப் பெருக்குகிறாள், கான்ட்ராக்ட்தான். வளர்மதிக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை நிலைத்தது. பிரபாவதிக்கும் ஒரு கடிதம் வந்தது. தலைக்கு மேல் பள்ளியின் சின்ன விமானம் போகும்போதெல்லாம் மாணிக்கம்மாள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அதன் வயிறு பளபளவென்றுதான் இருக்கிறது. வளர்மதி கழுவினால் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. வளர்மதி சொன்ன மறுநாள் காலை பத்தே காலுக்கு, குஞ்சிதபாதம் வாக்குமூலத்தை வரி விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டினார். நடுவில் இரண்டு இடத்தில் அவள் நிறுத்தி, "நான் அப்பிடி சொல்லலீங்களே" என்று திருத்த வைத்தாள். பிறகு பேனாவை வாங்கினாள். சாக்குக்கட்டியைப் பிடித்த மாதிரியே பிடித்தாள். தாள் பின்பக்கம் தடிக்கிற அளவுக்கு அழுத்தி, வ-வுக்கும் ள-வுக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, ர்-இன் புள்ளியை மிகச் சின்னதாக வைத்து, மேசையின் இந்தப் பக்கம் நின்ற அக்காவை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல், எழுதி முடித்தாள். தேதியும் போட வேண்டும் என்றார் அவர். பஸ் நம்பர் பார்த்துப் பழகியவளுக்கு எண் தெரியும். கீழே தானே போட்டாள்: 19.10.2024.